பொரி மெயில்

எங்கள் தொழிற்சாலையில் யாரும் புது மெயில் எழுத மாட்டார்கள். பழைய மெயில் ஒன்றைத் திறந்து, 'ரிப்ளை ஆல்' அழுத்தி, மனதில் இருப்பதை அதிலேயே கொட்டிவிடுவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புது மெயில் என்றால் ஒவ்வொரு பெயராகத் தேடிச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பழைய மெயிலிலோ எல்லோரும் ஏற்கெனவே இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் வாளியோடு போய்ப் பரிமாற வேண்டியதுதான்.

அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த பந்தி ஆயுத பூஜை பொரி மெயில். அதைத் தொடங்கி வைத்த புண்ணியம் என்னுடையது.

ஒரகடத்தில், கார் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பிராக்கெட் செய்யும் கம்பெனி எங்களுடையது. கஸ்டமர் சொல்வதை உள்ளே சொல்வதும், உள்ளே நடப்பதில் சொல்லக்கூடியதை மட்டும் கஸ்டமரிடம் சொல்வதும் என் வேலை. அதோடு, பதினோரு வருஷமாக இருக்கிறேன் என்பதால் பூஜைக்குப் பொரி வாங்குவதும் என் தலையில் விழுந்தது. "ஆயுத பூஜை பொரி பாக்கெட்: எந்தப் பிரிவுக்கு எத்தனை?" என்று தலைப்புப் போட்டு எல்லாப் பிரிவுக்கும் அனுப்பினேன். மூன்று நாள் ஒழுங்காகப் பதில் வந்தது. நான்காம் நாள், படப்பையில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் மாறிவிட்டது என்று ஒருவர் அதிலேயே எழுதினார். அதற்கு அடுத்து, கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்று இன்னொருவர். அதற்கும் அடுத்து, பிரஸ் ஷாப்பில் துளை போடுகிற 'பஞ்ச்' கருவியை மாற்றியிருக்கிறோம் என்று டூல் ரூம். தலைப்பு மட்டும் கடைசிவரை பொரிதான்.

இதில் ஒரு மகானுபாவர், கஸ்டமர் கம்பெனியின் தர அதிகாரியான கொரியாக்காரரையும் சேர்த்துவிட்டார். அவர் தலைப்பைப் பார்த்து, பொரி என்பது எங்கள் பிராக்கெட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் என்று முடிவு செய்துகொண்டார். அவர் மேல் குற்றமில்லை. அந்த மெயிலில் இருந்த எவரும் அவருக்கு வேறு மாதிரி நினைக்க இடம் கொடுக்கவில்லை.

அதே வாரம் எனக்கும் ஸ்டோர்ஸ்காரருக்கும் ஒரு சண்டை நடந்தது. பொரி மூட்டை கிழிந்திருக்கிறது என்று எனக்குத் தகவல். நேராகப் போய், நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவர் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "மூட்ட நல்லாத்தான் கீது மேடம், வந்து நீங்களே பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. மாற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் எதற்கு?

பூஜை முடிந்தது. வண்டிக்கெல்லாம் சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த நாட்களில், கஸ்டமரிடமிருந்து பிராக்கெட் பெட்டிகள் திரும்பி வந்தன. துளை பெரிதாகிவிட்டதாம். போல்ட் போட்டால் ஆடுகிறதாம். கொரியாக்காரர் முறைப்படி எழுதிய புகாரின் தலைப்பு: "பொரி பிரச்சினை." இரண்டு நாளில், மாலை நான்கு மணிக்குள், காரணம் என்ன, யார் கவனிக்கவில்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று பதில் வேண்டும் என்றார்.

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் அவசரத்தில் கைக்கு எட்டுகிற பதிலை எடுத்து நீட்டிவிடுவார். அவர் தயாரித்த பதில் இரண்டே வரி. காரணம்: இன்ஸ்பெக்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: இன்ஸ்பெக்டர் நீக்கப்படுகிறார்.

அந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் ஐந்து பேரோடு ஓர் அறை. இரண்டு வருஷப் பயிற்சி முடிந்து, அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. கன்ஃபர்மேஷன் கடிதம் ஹெச்.ஆர். மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அவளை உற்பத்தி லைனிலிருந்து எடுத்து என் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்திருந்தார்கள். கனத்த சேஃப்டி ஷூவோடு, மடியில் கையை வைத்துக்கொண்டு, யாரையோ பார்க்க வந்தவள் போல இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் அன்னைக்கே மெயில் போட்டேம்லா சார்" என்பது மட்டும்தான் அவள் சொன்னது.

"எங்கமா? காட்டு, பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

காட்டத்தான் முடியவில்லை. லைனில் இருப்பவர்களுக்குத் தனி மெயில் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஐ.டி. அதனால் அவள் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. லைன் கம்ப்யூட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் தங்காது. மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் 'ஹோல்' என்று தேடினார், வரவில்லை. 'பிராக்கெட்' என்று தேடினார், தீபாவளி டிக்கெட் வரிசை மாதிரி வந்துகொண்டே இருந்தது. மூடிவிட்டு, "இல்லமா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், அந்தப் பொரி மெயில முழுசா யாராச்சும் படிச்சீங்களா?"

"நூத்தி நாப்பத்தாறு மெயிலு மேடம்."

"இன்னிக்கு நாலு மணி வரைக்கும் டைம் கீதுல்ல? நான் படிக்கிறேன். அதுக்குள்ள இத அனுப்பாதீங்க."

அவளையும் கூட்டிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குப் போனேன். அப்போது மணி பதினொன்று.

நீண்ட மெயில் ஒன்றைப் படிக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். கதை தலைகீழாக ஓடும். முடிவு மேலே, தொடக்கம் பாதாளத்தில். ஒவ்வொரு மெயிலும் தனக்கு முந்தைய எல்லா மெயிலையும் முதுகில் சுமந்துகொண்டு வரும். புதிதாக எழுதிய ஒரே வரி, கையெழுத்துக்கும் கம்பெனி சின்னத்துக்கும் 'காகிதத்தைச் சேமியுங்கள்' என்கிற பச்சை இலைப் படத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். சிலர் பதிலை மேலே எழுதாமல், பழைய மெயிலுக்கு உள்ளேயே புகுந்து சிவப்பு எழுத்தில் எழுதுவார்கள். ஒரே மெயிலுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டுவிட்டால் கதை இரண்டாகப் பிரிந்து, இந்தக் கிளையில் இருப்பவருக்கு அந்தக் கிளையில் நடப்பது தெரியாது. அரை மணி நேரத்தில் என் தலை சுற்றியது.

அப்போதுதான் எனக்கு அட்டைகளின் நினைவு வந்தது. எங்கள் தரப் பிரிவில் பொருளுக்குக் கட்டுகிற அட்டை மூன்று நிறம். சரியான பொருளுக்குப் பச்சை. சந்தேகத்தில் நிறுத்தி வைத்ததற்கு மஞ்சள். தள்ளியதற்குச் சிவப்பு. மூன்றிலும் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னேன். மெயிலில் புதிய செய்தி இருந்தால் பச்சை அட்டை. பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி இருந்தால் மஞ்சள். ஒன்றுமே இல்லையென்றால் சிவப்பு. ஒரு மெயிலுக்கு ஓர் அட்டை, அதில் ஒரே வரி. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவரின் ஆணிவரை நூல் கட்டினோம். அவள் பழையதிலிருந்து ஆரம்பித்து வாசிக்க வாசிக்க, நான் எழுதி வரிசையாகத் தொங்கவிட்டேன்.

இரண்டு நாளாகப் பேசாதிருந்த பெண் மெல்ல மெல்லக் கலகலப்பானாள். சாம்பார் மெயிலை மேனேஜர் குரலிலேயே வாசித்துக் காட்டினாள். அந்த இழுவையும் தொண்டைக் கனைப்பும் அச்சு அசல் அவர்தான்! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மணிக்குள் நூலில் பாதிக்கு மேல் சிவப்பு. எல்லாம் 'நோட்டட்', 'ஜென்டில் ரிமைண்டர்', 'டூ த நீட்ஃபுல்'. ஒருவர் ஏழு முறை 'நோட்டட்' போட்டிருந்தார், அதில் இரண்டு முறை தனக்குத் தானே.

"எக்கா, இவ்வளவு பேரும் சம்பளம் வாங்கிட்டு இதத்தான் பண்ணுதாவளா?" என்றாள்.

"வாய மூடிகினு படிமா" என்றேன். கேன்டீனிலிருந்து தயிர்சாதத்தை அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டரை மணி இருக்கும். திடீரென்று அவள் குரல் மாறியது. "எக்கா, இதுதான் நான் போட்டது."

ஆங்கில எழுத்தில் தமிழ். 'சார், புதுசா வந்த லாட்ல ஓட்டை ரொம்ப பெருசா இருக்கு. அனுப்பவா, நிறுத்தவா?'

ஓட்டை! மேனேஜர் ஹோல் என்று தேடினால் எங்கே கிடைக்கும்?

"ஓட்டைய ஓட்டைன்னுதானக்கா சொல்லுவாவ?" என்று பாவமாகக் கேட்டாள்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும்விட்டேன், நாற்பத்து மூன்று வயதில். மஞ்சள் அட்டையை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி நூலில் மாட்டினேன். "கேட்டிருக்க பாரு! எவனோ பதில் சொல்லாம வுட்டுட்டு உன் தலைல கட்டப் பாக்கறான். அடுத்தது படி."

அவள் படிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். நான் குனிந்து நானே பார்த்தேன்.

'நோட்டட். ப்ளீஸ் சென்ட்.' கீழே என் பெயர், என் பதவி, என் பச்சை இலைப் படம்.

எனக்கு ஸ்டோர்ஸ்காரர் மூட்டையைத் தடவிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தலைப்பு பொரி. மெயிலில் ஓட்டை. புதுசா வந்த லாட் என்றால் அன்று காலை வந்திறங்கிய பொரி மூட்டை என்று நினைத்துவிட்டேன். கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும், எல்லாப் பிரிவுக்கும் அனுப்பட்டும் என்று ஒரு நொடியில் பதில் போட்டுவிட்டு, மூட்டையைக் கிழித்ததற்குச் சண்டை போட ஸ்டோர்ஸுக்கு நடந்தவள் நான்தான்.

"இது உனக்குத் தெரியுமாமா?"

"தெரியும்க்கா. நீங்க கஸ்டமர்ட்ட கேட்டுட்டுத்தான் அனுப்பச் சொல்லுதீயன்னு நெனச்சேன். நோட்டட்னா நோட்டுல எழுதி வச்சிருப்பீயல்லா?"

"அப்ப ஏன் ரெண்டு நாளா வாயத் தொறக்கல?"

"நீங்களே சொல்லுவீயன்னு இருந்தேன்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இரண்டு நாளாக என் எதிரில் உட்கார்ந்து அவள் வேறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை, எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். நானோ அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எல்லாம் சரியாயிடும்" என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றியிருக்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் எனக்கு என் பதிலுக்கும் சிவப்பு அட்டை போட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. நூலில் ஏற்கெனவே இருபது 'நோட்டட்' தொங்குகிறது. இன்னொன்று யார் கண்ணில் படப் போகிறது? அவளும் சொல்ல மாட்டாள். பிறகு அவளுடைய ஷூவைப் பார்த்தேன். இரண்டு நாளாக லைனுக்குப் போகாவிட்டாலும் காலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எழுந்து போய்ப் பச்சை அட்டை எடுத்தேன். 'அனுப்பச் சொன்னது நான்' என்று எழுதி அவளுடைய மஞ்சள் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

இனி இதைக் கொரியாக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். நூற்று நாற்பத்தாறு மெயிலையும் அவர் படிக்கப் போவதில்லை. இதற்கு எனக்கு வழி சொல்லிக் கொடுத்தவை வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு இஸ்திரிக் கடையில் துணி வாங்கப் போகும்போது, அங்கே கிடக்கிற பத்திரிகையில் எந்த வாரம் கிடைக்கிறதோ அந்த வாரத்தைப் படிப்பேன். ஆறாம் அத்தியாயம் படித்தால் அடுத்தது பதினொன்றுதான் கிடைக்கும். ஆனாலும் எனக்கு எந்தக் கதையும் விட்டுப்போனதில்லை. மேலே கட்டம் கட்டி 'முன்கதைச் சுருக்கம்' போட்டிருப்பார்களே! யார் யாருக்கு என்ன உறவு, இதுவரை என்ன நடந்தது, இப்போது எது தொங்கலில் நிற்கிறது, எல்லாம் எட்டு வரியில். சில கதைகளை நான் சுருக்கத்திலேயே முழுசாக முடித்திருக்கிறேன்.

பொரி மெயிலின் உச்சியில் ஒரு கட்டம் கட்டினேன். அதற்குத் தலைப்பாக ஆங்கிலத்தில் எதைப் போட்டாலும் சப்பென்று இருந்தது. கடைசியில் ஆங்கில எழுத்தில் 'முன்கதைச் சுருக்கம்' என்றே போட்டுவிட்டேன். உள்ளே இப்படி எழுதினேன்: பொரி என்பது பூஜைக்குத் தின்பது, பிராக்கெட் அல்ல. டூல் ரூம் பஞ்ச் கருவியை மாற்றியது, முப்பத்தெட்டாவது மெயில். துளை பெரிதாக இருக்கிறதே, அனுப்பவா நிறுத்தவா என்று இன்ஸ்பெக்டர் அன்றே கேட்டார், நாற்பத்தொன்றாவது மெயில். பொரி மூட்டையில் ஓட்டை என்று நினைத்து அனுப்பச் சொன்னது நான், நாற்பத்திரண்டாவது மெயில். சரியான பஞ்ச் மாட்டியாகிவிட்டது, மாற்றுப் பெட்டிகள் நாளை வரும். இன்ஸ்பெக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டும்போது மணி மூன்றே முக்கால். அவர் படித்தார். மறுபடி படித்தார். "மேடம், அப்ப அந்த ஸ்டோர்ஸ் சண்ட..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மேஜையில் கவிழ்ந்துகொண்டு சிரித்தார். முதுகு குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "இத அப்படியே கஸ்டமருக்கு அனுப்பினா உங்க தலைல வுழும் மேடம்."

"வுழட்டும் சார். தல என்னுதுதான?"

அவர் தன்னுடைய இரண்டு வரியை அழித்தார். நான் அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

நாலரைக்குக் கொரியாக்காரர் போன் செய்தார். "மேடம், பொரி என்றால்... சாப்பிடுவதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். "நான் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை பொரியின் வரைபடம் கேட்டு எழுதியிருக்கிறேன்" என்றார். அப்புறம் இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் மாற்றுப் பெட்டிகளைப் பார்க்க அவரே வந்தார். மிச்சமிருந்த பொரியில் கடலையும் வெல்லமும் கலந்து ஒரு கிண்ணம் வைத்தேன். மொத்தத்தையும் தின்று தீர்த்துவிட்டு, இனிமேல் பத்து மெயிலைத் தாண்டினால் உச்சியில் அந்தக் கட்டம் வேண்டும் என்றார். பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் எழுத்துகளை மட்டும் எடுத்து "எம்.கே.எஸ்." என்றார்.

ஸ்டோர்ஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்? மூட்ட நல்லாத்தான் கீதுன்னு சொன்னேனா இல்லியா?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினார். கத்தட்டும் என்று நின்று கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு மெமோவும் வந்தது. அதைப் பொரி மெயிலிலேயே ரிப்ளை ஆலாக அனுப்பியிருந்தார்கள். டூல் ரூம், கேன்டீன், பஸ் டிரைவர் உட்பட அனைவரும் படித்து, பதினாறு பேர் 'நோட்டட்' போட்டார்கள்.

இப்போது எங்கள் சுவரில் எம்.கே.எஸ். என்று பெரிய பலகையே மாட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் அதை ஏதோ வெளிநாட்டு முறை என்று நினைத்துப் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறார்கள். ஒரு தணிக்கைக்காரர் விளக்கம் கேட்டபோது, எங்கள் மேனேஜர் கண்ணிமைக்காமல், "தெற்காசியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் முறை" என்றார். அதிலும் பொய்யில்லை.

அந்த மாதம் முடிந்த மறுநாள் காலை, கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு புது மெயில். ரிப்ளை இல்லை, ஃபார்வேர்ட் இல்லை, எனக்கு மட்டும். தெரியாத ஐ.டி. அனுப்பியவர் பெயரைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. நிரந்தரமானவர்களுக்குத்தான் தனி ஐ.டி. கொடுப்பார்கள். தலைப்பு: 'ஓட்டை சரியா இருக்கு.' உள்ளே கட்டம் கட்டியிருந்தாள்.

'முன்கதைச் சுருக்கம்: நான் கேட்டேன். அக்கா அனுப்பச் சொன்னார்கள். பிறகு அக்காவே உண்மையைச் சொன்னார்கள். இன்று: கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது. அம்மாவுக்கு அடுத்து உங்களிடம்தான் சொல்கிறேன்.'

என் விரல் பழக்க தோஷத்தில் 'நோட்' வரை அடித்துவிட்டது. அழித்தேன். பதில் எழுதாமல் எழுந்து லைனுக்கு நடந்தேன். அவள் அளவு பார்க்கிற இரும்புப் பின்னைத் துளையில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நோட்டடாக்கா?" என்றாள்.

"இல்லமா. படிச்சேன்" என்றேன்.